சேவலுக்குப் போட்ட வில்லங்கம்

தணிகேசன் துணை
திருத்தணி
18-11-2001

என் சகலபாடி எல்லப்பனுக்கு ராஜவேலு எழுதிக்கிறது.

இங்க நானு, என் பொண்டாட்டி பாஞ்சாலி, பையன் தணிகைவேலு மூணு பேரும் நல்லாத்தான் கீறோம். என் முட்டிதான் மழ வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தந்தி குடுத்துக்கினு கீது. பெங்களூர்ல நீயும், என் மச்சினி கன்னியம்மாவும், உன் புள்ள நாகராஜனும், அறுபத்தி நாலு வயசுலயும் உன் தலையில கீற அம்மாம் முடியும் சௌக்கியமான்னு எழுது.

மணவூர் காதுகுத்துல நீ பண்ண காரியத்த நான் மறக்கல. பந்தியில ரசம் ஊத்திக்கினு வரும்போது, அத்தினி பேரு எதிர்ல, "எங்க நாகராஜன் தமிழ்ல எழுதறதுக்கு சேவல்னு ஒரு சாப்ட்வேரு செஞ்சிருக்கான், அசலூரு அசல்நாட்டுலல்லாம் எறக்கிக்கினு கீறாங்க"ன்னு சொன்ன. ரசம் எனக்கு மூக்குல ஏறிடுச்சி. மொளகுன்னு எல்லாரும் நெனச்சாங்க. மொளகு இல்ல.

அன்னிலேருந்து என் வீட்ல பொழுது விடிஞ்சா சேவலுதான். "ஒரு வயித்துல பொறந்தோம் அக்காளும் தங்கச்சியும். அவ புள்ள கம்ப்யூட்டருல சேவல் உட்டுகினு கீறான். நம்ம புள்ள ஆலங்காட்டு மில்லுல கரும்பு லோடு எண்ணிக்கினு கீறான்"னு பாஞ்சாலி சொல்றா. சொல்லிட்டு தோசைய இப்பிடி வீசறா என் தட்டுல.

எனக்கு வயித்தெரிச்சல்னு நெனைக்காத. சரி, வயித்தெரிச்சல்தான். அதுக்கு இன்னாங்கற? உனக்கு முடி குடுத்தான், முட்டி குடுத்தான், புள்ளைக்கு மூளையும் குடுக்கணுமா ஆண்டவன்? ஒன்னாச்சும் எனக்குத் தள்ளக்கூடாதா?

அதனால ஒரு பந்தயம். அந்த சேவலை நானே எறக்கிப் பாப்பேன். நாகராஜன் பேரு அதுல இருந்திச்சின்னா, வர்ற ஆடிக் கிருத்திகைக்கு உன் புள்ள பேர்ல நான் புஷ்பக் காவடி எடுத்துகினு முந்நூத்தி அறுவத்தஞ்சு படியும் ஏறறேன், இந்த முட்டியோட. பேரு இல்லன்னா நீ வந்து இங்க மலையில மொட்ட அடிச்சிக்கணும். மையி பூசற அந்த முடிய, ஒரு மயிரு பாக்கி இல்லாம.

துணிச்சல் இருந்தா சரின்னு எழுது.

அந்த வீட்டுக்கு உனக்கு நாலு வருசம் முன்னாடி மாப்பிள்ளையா வந்த,
ராஜவேலு


ஸ்ரீராமபுரம், பெங்களூர்
2-12-2001

அண்ணாவுக்கு எல்லப்பன் வணக்கம்.

கடுதாசி கெடச்சிது. இங்க எல்லாரும் சுகம். அங்க அண்ணியும் தணிகைவேலும் சுகமா இருக்கணும்னு வேண்டிக்கிறோம். முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவி ஒத்தடம் குடுங்க.

பந்தயத்துக்கு நான் தயார். எனக்கு இன்னா பயம்? சேவலைத் தொறந்ததும் மேல ஒரு எடத்துல "உதவி"ன்னு இருக்கும். அத அமுக்கினா சின்னதா ஒரு பொட்டி வரும். செஞ்சவங்க பேரு அதுல வரிசையா இருக்கும். மொத பேரு யாருதுன்னு கண்ணாடி போட்டுக்கினு பாருங்க.

நாகராஜன் இப்ப வீட்டுலேருந்தே வேலை பாக்குறான். பெரிய எடத்துல இருக்கறவங்களுக்கு அப்பிடி விடுவாங்களாம். காலையிலேருந்து கம்ப்யூட்டரு முன்னாடிதான் உக்காந்துக்கினு இருக்கான்.

காவடிக்கு இப்பவே சொல்லி வெச்சிடுங்க அண்ணா. ஆடி மாசத்துல நல்ல காவடி கெடைக்காது.

என்றும் உங்க மரியாதையுள்ள,
எல்லப்பன்


தணிகேசன் துணை
திருத்தணி
20-12-2001

சகலபாடிக்கு,

நாங்க சௌக்கியம். உன் முடியோட கடைசி மார்கழி இது, நல்லா எண்ணெ தடவி வெச்சிக்க.

பஸ் ஸ்டாண்டாண்ட பிரவுசிங் சென்டருன்னு ஒன்னு தொறந்து கீது. மலைக்கோயில் சந்திரமௌலி குருக்கள் பொண்ணு ஸ்ரீவர்ஷினி நடத்துது. நான் போயி, "யம்மா, ஒரு சேவல் வேணும்"ன்னேன். "தாத்தா, கறிக்கடை அடுத்த தெருவுல இருக்கு"ன்னிச்சி. அப்புறம் வெவரம் சொன்னேன். சிரிச்சிக்கினே தேடிச்சி.

யோவ், உன் புள்ள செஞ்சது ஒரே சேவலுன்னு நெனச்சிக்கினு வந்தா அங்க ஒரு கூடையே கீது! நாமக்கல்லுல ஒரு சேவலு. சித்தூரு பக்கம் ஒருத்தன் சண்டை உடற சேவலு. சேவல் லைட்டு. லைட்டுன்னா பல்பு எரியும்னு நெனச்சேன், இல்லியாம், பாதி வேலைதான் செய்யுமாம். அப்ப நம்ம பஞ்சாயத்து ஆபீசு கிளார்க்கு கூட லைட்டுதான். சேவல் புரோன்னு ஒன்னு. அது முழு வேலை செய்யுமாம்.

அதுக்கும் கீழ சேவல் 2.1 பைனலு. அதுக்குக் கீழ இன்னா தெரியுமா? 2.1 பைனலு ரெண்டு! பைனலுன்னா கடைசிதான? கடைசிக்கு அப்புறம் எங்கேந்து வந்துது இன்னொரு கடைசி? கனகம்மாசத்திரத்துல டெண்டு கொட்டாய்க்காரன் "இன்றே கடைசி"ன்னு பதினஞ்சு நாளு ஒட்டுவானே, அந்தத் தொழிலத்தான் உன் புள்ள கூட்டம் பெங்களூர்ல குந்திக்கினு செய்யுது.

"எதத் தாத்தா எறக்கட்டும்?"ன்னிச்சி பொண்ணு. எல்லாத்துக்கும் மேல கீறதையே எறக்குன்னேன். அது நாமக்கல் சேவலு. அர மணி நேரம் கழிச்சி எறங்கிச்சி. தொறந்தோம். நீ சொன்ன பொட்டியும் வந்துது. மூணு பேரு இருந்தாங்க. உன் புள்ள இல்ல.

பஸ் ஸ்டாண்டுலேருந்து வீட்டுக்கு நான் நடந்தேனா பறந்தேனான்னு தெரியல. முட்டி வலிக்கவே இல்லய்யா. வர்ற வழியில, கோயில்ல மொட்ட போடற வரதராஜனப் பாத்து, "ஆடிக்கு பெங்களூர்லேருந்து ஒரு பெரிய தல வருது, கத்திய நல்லா தீட்டி வை"ன்னு சொல்லிட்டு வந்தேன்.

மூக்கு சரியாப் போன,
ராஜவேலு


பெங்களூர்
5-1-2002

அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம். உங்க சுகத்துக்கு எழுதுங்க.

நீங்க எறக்கினது கோழிப் பண்ணைக்காரங்க சேவலு அண்ணா! எத்தினி முட்டை, எத்தினி தீவனம்னு எண்ணிச் சொல்றது. அதுல எப்பிடி நாகராஜன் பேரு வரும்? பேரு ஒன்னா இருந்தா ஆளு ஒன்னா? திருத்தணியில தெருவுக்கு நாலு தணிகைவேலு இருக்கான். அத்தினி பேரும் உங்க புள்ளையா?

தமிழ்ல எழுதற சேவலப் பாருங்க. அதுலயும் 2.9 மட்டும் எறக்குங்க. வேற எதையும் தொட வேணாம். 2.9 தான் சரியானது. இத நல்லா ஞாபகம் வெச்சிக்குங்க.

பொங்கலுக்கு இந்த வாட்டி வரமுடியாது. நாகராஜனுக்கு வேலை ஜாஸ்தி.

எல்லப்பன்


தணிகேசன் துணை
திருத்தணி
28-1-2002

சகலபாடிக்கு,

பொங்கல் நல்லாப் போச்சி. நீ வராததுல கரும்பு மிச்சம். உடம்பு எல்லாருக்கும் சரியாத்தான் கீது, என் வயிறு தவிர. ஏன்னு சொல்றேன்.

2.9 எறக்கினேன். பாஞ்சாலியும் கூட வந்தா. வராதன்னேன், கேக்கல. பொட்டி வந்துது. அந்தப் பொண்ணு இங்கிலீசுல படிச்சிது. மொத பேரு, ஈ. நாகராஜன், பெங்களூர். எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னாலும் அந்த எழுத்து எல்லாத்தையும் ஒன்னொன்னா வெரல் வெச்சிப் பாத்தேன். பாஞ்சாலி அந்தக் கம்ப்யூட்டர் கண்ணாடியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினா. தொட்டா ஷாக் அடிக்கும்னேன். அடிக்கலன்னா. அதுல கூட எனக்கு எரிச்சல்.

வெளிய வந்து கடையில ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கி தெருவெல்லாம் குடுத்தா. தணிகைவேலு மில்லுல கிளார்க்கானப்போ வெல்லந்தான் குடுத்தா, ஞாபகம் வெச்சிக்க.

தோத்துட்டேன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன். ஆனா கெளம்பறப்போ அந்தப் பொண்ணு ஒரு வார்த்த சொல்லிச்சி. "தாத்தா, இது பழசு. 2.10 தான் புதுசு." 

"இன்னாம்மா சொல்ற, ரெண்டு ரூவா தொண்ணூறு காசு பெருசா, ரெண்டு ரூவா பத்து காசு பெருசா?"

"காசு இல்ல தாத்தா. புள்ளிக்கு அந்தப் பக்கம் தனியா எண்ணணும். எட்டு, ஒம்போது, பத்து. வாசல் நம்பர் மாதிரி."

வாசல் நம்பர்ன்னதும் எனக்குப் பொறி தட்டிச்சி. எங்க நெலம் இன்னா நம்பரு? சர்வே 114. அப்பன் செத்ததும் அண்ணன் தம்பிங்க பிரிச்சோம், 114/1, 114/2ன்னு. அப்புறம் சித்தப்பன் பசங்க அடிச்சிக்கினு பிரிச்சானுங்க. 114/9 வந்துது. கடைசியா என் பங்காளி ஜெகநாதன் வரப்பு வெட்டி 114/10ன்னு வாங்கினான். அத நூத்திப் பதினாலு பத்து காசுன்னு எந்தத் தாசில்தாராச்சும் சொல்லுவானா? பத்து ஒம்போதுக்கு அப்புறம் பொறந்தது. 

ஆக, உன் சேவலு ஒரு நெலம் மாதிரி. ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொரு பட்டா. உன் புள்ள பேரு 2.9 பட்டாவுல கீது, ஒத்துக்கிறேன். ஆனா நெலம் வாங்கறவன் பழைய பட்டாவா பாப்பான்? கடைசிப் பட்டா யாரு பேர்ல கீதுன்னு வில்லங்கம் போட்டுத்தான் பாப்பான். நீ எதுக்கு 2.9 மட்டும் பாரு, வேற தொடாதன்னு எழுதின? இந்த மாதிரி சொல்றவன் கிட்ட நான் மாடு கூட வாங்கமாட்டேன்.

அன்னிக்கி லைனு போயிடுச்சி. அடுத்த வாரம் 2.10 எறக்கறோம்.

வில்லங்கம் பாக்கற,
ராஜவேலு


தணிகேசன் துணை
திருத்தணி
10-2-2002

சகலபாடி எல்லப்பா,

பதில் காணோமே, கை சுளுக்கிக்கிச்சா? நான் நல்லா கீறேன். ரொம்ப நல்லா கீறேன்.

2.10 தொறந்தாச்சி. நாலு பேரு இருக்கானுங்க. இங்கிலீசு பேரு ஒன்னு, வடநாட்டுப் பேரு மூணு. நாகராஜன் இல்ல! அந்தப் பொண்ண மூணு வாட்டி படிக்கச் சொன்னேன். மேலேருந்து கீழ, கீழேருந்து மேல. இல்ல. பட்டா மாறிப் போச்சிய்யா! 

இப்ப பாஞ்சாலிகிட்ட சொன்னேன். "உன் தங்கச்சி புள்ளையத் தூக்கிட்டானுங்க"ன்னேன். அவ தோசை கூட வீசல, அடுப்பாண்டயே நின்னுக்கினு இருந்தா. நான் எதிர்வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். மணவூருக்கும் ஆள் போயிருக்குது. மில்லுல தணிகைவேலு மூலமா சொல்லலாம்னு பாத்தேன். அவன் "உனக்கு வேற வேலை இல்லியா நைனா"ன்னுட்டு சைக்கிள எடுத்துக்கினு போயிட்டான்.

முந்நூத்தி அறுவத்தஞ்சு படிய எறங்கி வர்றதப் போல கீது எனக்கு. பந்தியில நீ பேசின பேச்சுக்கு இப்பத்தான் தண்ணி குடிச்சேன்.

முடியச் சீவிக்கினு கெளம்பு.

ஜெயிச்ச,
ராஜவேலு


திருத்தணி
15-3-2002

எல்லப்பனுக்கு,

மாசி முடிஞ்சி பங்குனி வந்திடுச்சி, உன்கிட்டேருந்து ஒரு கார்டு கூட இல்ல. கன்னியம்மாவுக்கு உடம்பு சரியில்லியான்னு பாஞ்சாலி தெனம் கேக்கறா. கோவம்னா திட்டியாச்சும் எழுதுய்யா. நீ திட்டாம எனக்கு இந்த ஜெயிச்சது ருசிக்கவே மாட்டேங்குது.

ராஜவேலு


பெங்களூர்
2-4-2002

அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கணும். கன்னியம்மா நல்லா இருக்கா. நானும் நல்லா இருக்கேன். அண்ணிகிட்ட சொல்லுங்க.

நீங்க எழுதினது சரிதான். 2.10 தான் புதுசு. அதுல பேரு இல்ல. ஆடிக் கிருத்திகைக்கு வர்றேன். முடிய எடுத்துக்கிறேன்.

தணிகைவேலு இன்னமும் சைக்கிள்லதான் மில்லுக்குப் போறானா? மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வர்றானா, கட்டிக்கினு போறானா? சும்மாதான் கேட்டேன்.

எல்லப்பன்


தணிகேசன் துணை
திருத்தணி
25-4-2002

சகலபாடிக்கு,

நாங்க சௌக்கியம். இந்த வருசம் சித்திர வெயிலு மண்டையப் பொளக்குது. எனக்கு வழுக்கையாச்சே, நேராவே எறங்குது.

உன் லெட்டரப் படிச்சேன். நாலு வாட்டி படிச்சேன். ஒரு வெத்தலைக்கு ஒம்போது வாயடி அடிப்பியே நீ, இன்னா இப்பிடி ஒத்துக்கின? உன் முடிய நீ இம்மாம் லேசுல குடுக்கற ஆளா? பொண்ணு பாக்க வந்த அன்னிக்கி ஜன்னல் கண்ணாடியில தலையச் சீவிக்கினு நின்னவன் நீ.

அதான் திரும்பியும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்ச நேரம் பேசிக்கினு இருந்தேன்.

விசயம் இன்னான்னா, நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினேன். அஞ்சாங்கிளாசு படிச்சவன் மூளை. நல்லா யோசிச்சிப் பாத்தா ரெண்டு ரூவா தொண்ணூறு காசுதான் ரெண்டு ரூவா பத்து காச விடப் பெருசு. பச்சப்புள்ளைக்கும் தெரியும். நெலம் வேற, சேவல் வேற. சர்வே நம்பர எடுத்துக்கினு வந்து கம்ப்யூட்டருல நட்டேனே, என்ன செருப்பால அடிக்கணும். ஆக 2.10 தான் பழசு. நாகராஜன் பொறவு வந்து சேந்திருக்கான், 2.9 தான் கடைசி. மொத பேரு உன் புள்ளையுது. நான் தோத்துட்டேன்.

எதிர்வீட்டுக்கும், மணவூருக்கும், வரதராஜனுக்கும் தோத்துட்டேன்னு சொல்லியாச்சி. எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும்.

காவடி சொல்லி வெச்சிட்டேன். உன் புள்ள பேர்லதான் எடுக்கறேன், அதனால அவன் கூட வரணும். வேலை ஜாஸ்தின்னு கதை உடாத.

தோத்த,
ராஜவேலு


பெங்களூர்
20-5-2002

அண்ணாவுக்கு,

எல்லாரும் சுகம்னு எழுதி எழுதிக் கை சலிச்சிப் போச்சி. இன்னிக்கி நெஜத்த எழுதறேன்.

114/10 எப்பிடி 114/9க்கு அப்புறம் வந்துதுன்னு எனக்கு முழு பக்கம் பாடம் எழுதினவரு நீங்க. இப்ப பத்து காசுன்னு எழுதறீங்க. எனக்கா புரியாது? புதுசுல பேரு இல்லன்னா வேலையும் போயிருக்கும்னு அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்லியிருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். 

உங்க மொத லெட்டரு வந்த அன்னிக்கிதான் நாகராஜன் மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டான். கம்பெனிய வேற யாரோ வாங்கிட்டாங்க. முப்பது பேர ஒரே நாள்ல போகச் சொல்லிட்டாங்க. அன்னிக்கே உங்களுக்கு எழுதியிருக்கலாம். ஆனா பந்தியில பேசின வாயி, மூடமாட்டேன்னிடுச்சி. பந்தயத்துக்கு சரின்னு எழுதினேன். 2.9 மட்டும் பாருங்கன்னு எழுதினேன். அதுல இருக்கற பேர யாரும் அழிக்க முடியாதுன்னு ஒரு தைரியம்.

அவன் எங்கயும் போறதில்ல. எட்டு தெருவுக்குக் கேக்கற மாதிரி சிரிச்சவன், இப்ப கூப்பிட்டா தலைய மட்டும் ஆட்டறான். அந்தப் பொட்டியத் தொறந்து வெச்சிக்கினு தன் பேரையே பாத்துக்கினு உக்காந்திருக்கான். பக்கத்து வீட்டுக்காரன் கேட்டா "ஆபீசுல லீவு"ன்னு நான் சொல்றேன். அவன் காதுல விழற மாதிரி சொல்லிட்டேன் போல ஒரு நாளு. அன்னிலேருந்து என் கூட சாப்பிட உக்கார்றதில்ல.

இன்னொன்னும் சொல்லிடறேன். எனக்கு உங்க மேல ரொம்ப நாளா எரிச்சல் அண்ணா. தணிகைவேலு நெனச்சா எரிச்சல். அந்த மில்லு உத்தியோகம் நெனச்சா எரிச்சல். சாயந்திரமானா சைக்கிள் சத்தம் கேக்கும்ல உங்க வீட்ல. அதான் பந்தியில அப்பிடிப் பேசினேன்.

எனக்காகத் தோக்க வேணாம். நான் வர்றேன், முடிய எடுத்துக்கிறேன்.

எல்லப்பன்


தணிகேசன் துணை
திருத்தணி
6-6-2002

சகலபாடிக்கு,

எல்லாரும் சௌக்கியம். உன் லெட்டரு வந்த அன்னிக்கி இங்க பேய் மழ. போஸ்ட்மேன் பையில தண்ணி பூந்து, உன் எழுத்தெல்லாம் கலஞ்சி நீலமா ஓடிப்போச்சி. "எல்லாரும் சுகம்"ங்கற வரைக்கும்தான் படிக்க முடிஞ்சிது. நல்லது, சுகமா இருங்க. அதுக்குக் கீழ இன்னா எழுதினியோ எனக்குத் தெரியாது. பாஞ்சாலிக்கும் தெரியாது. திரும்ப எழுதிக்கினு இருக்காத, கண்ணு போயிடும்.

தோத்தது நான். கணக்குல ரெண்டு பேச்சு கிடையாது. வரதராஜன்கிட்ட "பெங்களூரு தல வராது, வந்தாலும் கத்தி வெக்காத"ன்னு கண்டிசனா சொல்லிட்டேன்.

என் முட்டிய நம்பி நான் ஏற முடியாது. நடுவுல குந்திட்டேன்னா காவடி கீழ வெக்கக்கூடாது, தோள் மாத்த ஒரு ஆளு வேணும். தணிகைவேலுக்கு அன்னிக்கி மில்லுல லீவு இல்ல. உன் புள்ளைய அனுப்பு. தயவு பண்ணி அனுப்புன்னு எழுதமாட்டேன். அனுப்பு.

ராஜவேலு


தணிகேசன் துணை
திருத்தணி
11-8-2002

சகலபாடி எல்லப்பனுக்கு,

நீயும் கன்னியம்மாவும் நல்லபடியா ஊரு போயி சேந்தீங்களா? இங்க நாங்க நல்லா கீறோம். முட்டி ரெண்டும் பூசணிக்காயி மாதிரி வீங்கி, கட்டில்ல கால நீட்டிக்கினுதான் இத எழுதறேன்.

உன் மேல எனக்கு பயங்கரக் கோவம். ஜெயிச்சவன் எவனாச்சும் மொட்ட அடிச்சிக்குவானா? நான் காவடியோட மேல போறேன், நீ எனக்குத் தெரியாம வரதராஜன் கிட்ட போயி தலையக் குடுத்திருக்கற. அவனக் கூப்பிட்டு வெச்சித் திட்டினேன். "நான் இன்னா பண்றது, இது எனக்கும் முருகனுக்கும் நடுவுலன்னு சொல்லிட்டு குந்திட்டாரு"ங்கறான். புள்ளைக்காக வேண்டிக்கினியாம். நீ வேண்டிக்கோ, வேணாங்கல. என் காவடிய ஒருத்தரும் பாக்காத மாதிரியா வேண்டிக்குவ? நான் எறங்கி வந்தா ஜனங்க உன் மண்டையத்தான் பாக்கறாங்க. 

பாஞ்சாலி இன்னா சொல்றா தெரியுமா? "ஜெயிச்சும் முடியக் குடுத்தாரு பாரு, எம்மாம் பெரிய மனசு"ங்கறா. மொட்டையிலயும் உனக்கு லட்சணமா கீதாம். மண்டை உருண்டையாம். எனக்கு முப்பது வருசமா மொட்டைதான், ஒரு நாளும் உருண்டைன்னு சொன்னதில்ல. என் முட்டிக்கு இன்னும் யாரும் ஒத்தடம் குடுக்கல.

நீ கீழ தலையக் குடுத்துக்கினு இருந்ததுல ஒன்னு பாக்காம உட்டுட்ட. இருநூறாவது படியாண்ட எனக்குக் கால் மடங்கிப் போச்சி. நாகராஜன் காவடிய அவன் தோள்ல வாங்கிக்கினான். பத்து படி ஏறினோம். அப்புறம் திரும்பாமலே கேட்டான், "பெரிநைனா, 2.10 தான் புதுசு. உங்களுக்குத் தெரியும்தான?"

"எனக்குத் தெரியாதுடா. ரெண்டு ரூவா பத்து காசு."

"சர்வே நம்பரு கதையெல்லாம் எங்க நைனா எனக்குப் படிச்சிக் காட்டினாரு."

"உங்க நைனா பொய் சொல்லுவாரு. மணவூர் பந்தியிலேயே பாத்தேன்."

அப்ப சிரிச்சான்யா. காவடி கவுந்து பூவெல்லாம் என் தலையில கொட்டற மாதிரி சிரிச்சான். பின்னாடி வந்த பொம்பளைங்க "சாமி வந்திடுச்சி"ன்னு கன்னத்துல போட்டுக்கினாங்க. 

சிரிச்சி முடிச்சிட்டு, "எங்க நைனாவுக்கு என்னால அசிங்கம்"ன்னான். நான் சொன்னேன், "உன்னால அசிங்கம்னு நெனைக்கறவன் ஊரே பாக்க உன் பேர்ல காவடி எடுக்க உடுவானா, கமுக்கமா முடிச்சிருப்பான்"ன்னு. சரியா சொன்னேனா தப்பா சொன்னேனா தெரியல. ஆனா மேல போற வரைக்கும் அவன் தோளு மாத்திக்கல.

கீழ எறங்கினதும் உன் மண்டையப் பாத்தான். அப்புறம் போயி தலையில சந்தனம் பூசி உட்டான். அத நானும் பாத்தேன். பாத்துட்டு வேற பக்கம் திரும்பிக்கினேன். உனக்காக இல்ல, எனக்குக் கண்ணுல கற்பூரப் பொக.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ரெண்டு நாளு இருந்துட்டு அனுப்பறேன்னுதான அவன உட்டுட்டுப் போனீங்க. அவன் காலையில மில்லு நேரத்துக்கு முன்னாடி தணிகைவேலு சைக்கிள் பின்னாடி குந்திக்கினு கழனிக்குப் போறான். என் புள்ள என்கிட்ட நாளெல்லாம் நாலு வார்த்த பேசமாட்டான், அவன்கிட்ட வாயி ஓயாம பேசறான். சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே வர்றானுங்க. என்ன பாத்ததும் கம்முனு ஆயிடறானுங்க. என்னத்தப் பத்தி சிரிக்கறானுங்கன்னு கேட்டா சொல்லமாட்டேங்கறானுங்க. புதுசா ஒரு எரிச்சல் எனக்கு. அத நான் பாத்துக்கறேன்.

நேத்து அவன வரச்சொல்லி சந்திரமௌலி குருக்கள் பொண்ணு ஆள் அனுப்பிச்சி, ஏதோ மிசினு ஓடலன்னு. போயிட்டு வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டான். பாஞ்சாலி மூணாவது தட்டு போட்டா.

அதனால அவன் கொஞ்ச நாளு இங்கதான் இருப்பான். எப்ப வருவான்னு கேட்டு லெட்டர் போடாத. போட்டாலும் மழையில நனஞ்சிடும்.

வயித்தெரிச்சலோட,
ராஜவேலு